கரையான் ஏறாத பள்ளிக்கூடம்

1

இரண்டு மாதம் முன்பு திண்டுக்கல்லிலிருந்து என் தம்பி அன்வர் போன் செய்தான். நாங்கள் படித்த தொடக்கப்பள்ளியின் பழைய கட்டடத்தை இடிக்கப் போகிறார்களாம். பக்கத்திலேயே புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறதாம். திறப்பு விழாவுக்கு ஒரு மலர் போடுகிறார்களாம். பள்ளிக்கூடக் கமிட்டிக்கு அன்வர்தான் செயலாளர். அந்தப் பெருமை அவன் குரலில் வழிந்தது.

"அக்கா, நீ ரெண்டு பக்கம் எழுதிக் குடு. பழைய கட்டடத்துக்கு அத்தா செஞ்ச ஒத்தாசையப் பத்தி எழுது. இங்கிலாந்துலருந்து வந்த கட்டுரைன்னா எடுப்பா இருக்கும்ல."

அத்தா என்றால் எங்கள் வீட்டில் அப்பா. எழுதுகிறேன் என்றேன். எனக்கு ஒன்றும் புதிதில்லை. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து ஐம்பது வருஷம் ஆகப்போகிறது. பனி, பஸ், பேரப்பிள்ளைகள் என்று ஊர்ப் பத்திரிகைகளுக்கு அவ்வப்போது எதையாவது எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். நீங்களும் படித்துவிட்டு, "மைமூன் அக்கா நல்லா எழுதியிருக்கு" என்று சொல்லி அனுப்புவீர்கள். இந்த முறை அப்படிச் சொல்லமாட்டீர்கள். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிற பழக்கம் உள்ளவர்கள் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு வாருங்கள்.

2

அன்வர் பேசிய அடுத்த வாரம் என் பேத்தி ஸாராவின் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஏழு பக்கம். என் மகன் பாரூக் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டான். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அதே பள்ளிக்கூடத்துச் சமையலறையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள் நான். இந்த ஊர்க் காகிதத்தில் ஒரு வரியை விட்டால் அந்த வரிதான் பின்னால் வந்து கழுத்தைப் பிடிக்கும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏழு பக்கத்தையும் படித்தேன்.

நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கட்டடம். பழைய கூடத்தைப் பழுதுபார்க்கப் போகிறார்கள். கதவில் அடித்த பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், கூரைத் தகட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், சுவர்ப் பூச்சில் என்னென்ன இருக்கும் என்று இன்னும் தெரியாது. சோதித்துப் பார்க்கும்வரை அந்தப் பக்கம் ஒரு பிள்ளையும் போகக்கூடாது. ஸாராவின் அம்மா, நான், பாரூக் மூன்று பேரும் தனித்தனியாக ஒப்புதல் தரவேண்டும், ஏனென்றால் மூன்று பேரும் மாறி மாறி அவளைக் கூட்டிவரப் போகிறோம். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு சுவருக்கு இம்புட்டுக் கையெழுத்தா என்று நினைத்தேன்.

மறுநாள் ஸாராவைக் கூட்டிவரப் போனபோது கூடத்தின் வாசலை மொத்தமான பிளாஸ்டிக் தாளால் மூடியிருந்தார்கள். உள்ளே தலைமுதல் கால்வரை வெள்ளை உடை, முகத்தில் மூடி போட்ட இரண்டு பேர் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. உடைந்த விளிம்பில் முடி நீட்டிக்கொண்டிருந்தது. பழுப்பும் வெள்ளையுமாய், சாணியில் வைக்கோல் நீட்டிக்கொண்டிருப்பதுபோல.

அந்த முடியை எனக்குத் தெரியும்.

அவர்களில் ஒருவன் வெளியே வந்து முகமூடியைக் கழற்றினான். டேவிட் என்று பெயர். என் மகன் வயதுகூட இருக்காது. "அது என்ன முடி?" என்று கேட்டேன்.

"மாட்டு முடி, இல்லாவிட்டால் ஆட்டு முடி. அந்தக் காலத்தில் தோல் கிடங்கிலிருந்து வாங்கிவந்து சுண்ணாம்பில் கலப்பார்கள். பூச்சு வெடிக்காமல் பிடித்துக்கொள்ளும். தொட்டுவிடாதீர்கள்" என்றான்.

"முடி மட்டுமா அங்கிருந்து வரும்?"

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "அதைத்தான் சோதிக்கிறோம்" என்றான்.

ஸாரா என் கையைப் பிடித்து இழுத்தாள். அவளுக்குத் தமிழில் மூன்றே வார்த்தை தெரியும்: வா, சாப்பிடு, சீ. மூன்றும் என்னிடம் கற்றது. பிளாஸ்டிக்குக்குள் தெரிந்த முடியைக் காட்டி "சீ!" என்றாள். சரியான இடத்தில்தான் சொன்னாள்.

3

எங்கள் அத்தாவுக்குத் தோல்ஷாப். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், ஆட்டுத்தோலை வாங்கிப் பதப்படுத்தி அனுப்புகிற இடத்துக்குத் திண்டுக்கல்லில் அதுதான் பெயர். பேகம்பூர்ப் பக்கம் போனால் வழிகேட்கவே வேண்டியதில்லை, மூக்கு கூட்டிக்கொண்டு போய்விடும். எங்கள் வீட்டில் பிறந்த யாருக்கும் அந்த நாற்றம் நாற்றமாகத் தெரியாது. அத்தா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினால் வீடு முழுக்க அடிக்கும், அதுதான் எங்களுக்கு அத்தா வாசம்.

ஷாப்பில் பன்னிரண்டு சுண்ணாம்புக் குழிகள் இருந்தன. ஊறப்போட்ட தோலைக் குழியில் இறக்கி நாள்கணக்கில் வைப்பார்கள். முடி இளகிக் கழன்றுவிடும். சீக்கிரம் கழலுவதற்காகச் சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டுத் தாளிக்கும்போதே ஒரு சிவப்புப் பொடியைச் சேர்ப்பார்கள். மண்டை ஓட்டுப் படம் போட்ட டின்னில் வரும். ஷாப்பில் அதற்கு 'மருந்து' என்றுதான் பேர். அத்தா அந்த டின்னைத் தனி அறையில் பூட்டி, சாவியை இடுப்பில் முடிந்துகொள்வார். பூட்டுக்குப் பேர்போன ஊரில் இருந்த பூட்டுகளிலேயே பெரிய பூட்டு அந்த அறைக்குத்தான் தொங்கியது.

குழி வேலைக்கு வீரணன் என்று ஒருவர் இருந்தார். முழங்கால்வரை குழியில் நின்று தோலைப் புரட்டுவார். அவர் கையில் ரேகையே கிடையாது. உள்ளங்கை தடித்து, பிளந்து, விரலிடுக்கெல்லாம் புண்ணாக இருக்கும். நான் பக்கத்தில் போனால் கையைப் பின்னால் மறைத்துக்கொள்வார். சின்னப் பிள்ளை பயந்துவிடுவேன் என்று நினைத்திருப்பார்.

நான்கைந்து தடவை தோல் இறங்கி ஏறினால் சுண்ணாம்பு செத்துவிடும். அந்தச் செத்த சுண்ணாம்பையும் அதில் மிதக்கிற முடியையும் வாளி வாளியாக இறைத்து ஷாப்புக்குப் பின்னால் கொட்டுவார்கள். வெயிலில் காய்ந்து மஞ்சளும் வெள்ளையுமாக மேடு தட்டிக் கிடக்கும். பதமான தோல் ரயிலேறி மதராஸ் போய், அங்கிருந்து கப்பலேறி இங்கிலாந்து வரும். இங்கே அதில் கையுறை தைத்துப் போட்டுக்கொண்டார்கள். தோல் இங்கே வந்தது. முடியும் புண்ணும் அந்த மேடும் அங்கே தங்கிவிட்டன. பின்னாலேயே நானும் வந்து சேர்ந்தேன்.

4

நான் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது பள்ளிக்கூடத்துக் கீற்றுக்கொட்டகை தீப்பிடித்து எரிந்தது. ஐம்பத்து நாலு, ஐம்பத்தஞ்சு வாக்கில். ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடி ஓட்டுக் கட்டடம் கட்டுவது என்று முடிவு செய்தார்கள். ஒருவர் செங்கல், ஒருவர் மரம், ஒருவர் ஓடு என்று ஏற்றுக்கொண்டார்கள். "பூச்சு வேலைக்குச் சுண்ணாம்பு பூராவும் நான் தர்றேன்" என்றார் எங்கள் அத்தா. கூட்டத்தில் கைதட்டினார்களாம். அம்மா வீட்டில் ஃபாத்தியா ஓதிச் சர்க்கரை கொடுத்தார்.

எந்தச் சுண்ணாம்பு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தவறாக நினைத்திருக்க மாட்டார்கள். முடி கலந்த சுண்ணாம்பு கெட்டியாகப் பிடிக்கும் என்று கொத்தனார்களே சொன்னார்கள். கொஞ்சம் புதுச் சுண்ணாம்பும் மணலும் சேர்த்தால் சுவர் இரும்பு மாதிரி நிற்கும் என்றார்கள்.

வண்டியில் அந்த மேட்டை அள்ளி ஏற்றிய அன்று நான் ஷாப்பில் இருந்தேன். அத்தாவுக்குச் சோறு கொண்டுபோன அம்மாவின் பின்னால் போயிருந்தேன். அம்மா உள்ளே தூக்குச்சட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். வீரணன் வந்து அத்தாவுக்கு முன்னால் நின்றார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

"மொதலாளி, ஒரு வார்த்தை. கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுப்பா."

"இந்தச் சுண்ணாம்ப நாங்க தென்னைக்குக்கூட வக்கிறதில்ல. போன மாசம் எங்க தெருவுல ரெண்டு ஆடு இத நக்கிட்டுச் செத்துப்போச்சு. அதுல மருந்து கெடக்கு மொதலாளி. பிள்ளைக இருக்குற எடத்துக்கு ஆகாது."

அத்தா சிரித்தார். கோபப்படவில்லை, சிரித்தார். "ஏம்ப்பா, பள்ளிக்கூடத்துச் செவுத்த ஆடா வந்து நக்கப்போவுது?"

வண்டிக்காரனும் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. ஓட்டுக் கட்டடத்துக்குள் ஆடு நுழைந்து வரிசையில் உட்கார்ந்து சுவரை நக்குவதை நினைத்துச் சிரித்தேன். வீரணன் சிரிக்கவில்லை. "சரிங்க மொதலாளி" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனார். அவரே அள்ளி ஏற்றினார்.

கட்டடம் முடிந்தது. வாசலுக்குப் பக்கத்தில் அத்தா பெயரைக் கல்லில் வெட்டிப் பதித்தார்கள்.

5

அந்தச் சுவரை எப்படிச் சொல்வேன்? வெயில் காலத்தில் பளிச்சென்று இருக்கும். மழை பெய்தால் மஞ்சள் மஞ்சளாகத் திட்டுப் பூக்கும், அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். நாங்கள் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக் கிள்ளிக்கொள்வோம்.

ஆனால் ஒன்று. அந்தக் கட்டடத்தில் கரையான் ஏறவில்லை. திண்டுக்கல் மண்ணில் கரையான் தின்னாத வீடு ஏது? தாலுகா ஆபீசு ரெக்கார்டையே தின்றிருக்கிறது. எங்கள் பள்ளிக்கூடத்தில் மட்டும் பதிவேட்டில் ஓர் ஓட்டைகூட விழவில்லை. பல்லிகூட அந்தச் சுவரில் தங்காது. பெரிய வாத்தியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டுவார்: "நல்ல மனசோட குடுத்த பொருளுங்க. அதான் பூச்சி அண்ட மாட்டேங்குது." அத்தா தலையைக் குனிந்துகொள்வார். அடக்கம் என்று ஊர் நினைத்தது.

அந்தப் பேச்சு பரவிப் பரவி, சனங்கள் சுவரைக் கேட்டு வர ஆரம்பித்தார்கள். ஆமாம், சுவரைத்தான். பின்பக்கம் பெயர்ந்த இடத்தில் ஒரு சில்லுப் பெயர்த்துக்கொண்டு போய் அரிசிப் பானையில் போட்டால் வண்டு வராது. குதிரில் போட்டால் சோளம் உளுத்துப்போகாது. துணியில் முடிந்து தொட்டிலில் கட்டினால் எறும்பு வராது. பரக்கத்தான சுண்ணாம்பு என்று எங்கள் சனமும், ராசியான சுண்ணாம்பு என்று கிராமத்துச் சனமும் கொண்டுபோயின. வண்டு வரவில்லைதான். எப்படி வரும்? எத்தனை வீட்டில், எத்தனை வருஷம், அந்த அரிசியை வடித்துத் தின்றார்கள் என்று யாருக்குத் தெரியும்?

எங்கள் பெரிய வாத்தியார் ரொம்பக் கருத்தானவர் என்பதையும் சொல்லவேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் கரும்பலகைக்கு அடுப்புக்கரியும் ஊமத்தை இலையும் அரைத்துப் பூசுவோம். ஊமத்தை விஷம் என்பதால் எல்லாரையும் தொட்டியில் கை கழுவவைத்துவிட்டுத்தான் வகுப்புக்குள் விடுவார். நாங்கள் ஓடிவந்து ஈரக்கையைச் சுவரில் தேய்த்துத் துடைத்துக்கொள்வோம்.

என் பக்கத்தில் உட்கார்ந்தவள் பொன்னுத்தாய். வடமதுரை ரோட்டில் ஒரு கிராமம். அவள் அப்பா அங்கே கனகாம்பரத் தோட்டம் போட்டிருந்தார். படிப்புக்காக டவுனில் அத்தை வீட்டில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை வரும்போது எனக்கு இரண்டு முழம் பூ கொண்டுவருவாள். அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. மண், சாம்பல், பல்பம் எதையும் தின்னாமல் விடமாட்டாள். வாய் நமநமவென்று இருக்கிற பிள்ளை. அந்த மாதிரிப் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் நாலு பேர் இருந்தார்கள், அது யாருக்கும் அதிசயமில்லை. பள்ளிக்கூடத்துச் சுவரில் எங்கள் வாய் உயரத்துக்கு ஒரு வரிசையாகப் பள்ளம் விழுந்திருந்தது. வருஷா வருஷம் லீவில் அந்தப் பள்ளத்தை அடைப்பார்கள். எதால் அடைப்பார்கள்? அத்தாதான் ஒரு கூடை அனுப்புவார்.

"ஏ புள்ள மைமூனு, அந்த மூலைல சொரண்டு. அங்கனதான் மொறுமொறுன்னு இருக்கு" என்பாள் பொன்னுத்தாய்.

நான் சுரண்டிக் கொடுப்பேன். என் சிலேட்டுக்கு நாலு மூலையிலும் தகரம் அடித்திருந்தது, அவள் சிலேட்டுக்கு இல்லை. அந்தத் தகர மூலையால் சுரண்டி, முடியைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, உள்ளங்கையில் வைத்துக் கொடுப்பேன். நானும் ஒருமுறை நாக்கில் வைத்தேன். நாற்றம் பிடிக்காமல் துப்பிவிட்டேன். அவளுக்குப் பிடித்தது.

வீரணன் சொன்னது எனக்கு மறந்துவிட்டதா? இல்லை. ஒருநாள் அவளிடம், "ஆடு நக்குனா செத்துப்போயிருமாம்" என்றேன். "நான் என்ன ஆடா?" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். திங்கட்கிழமைப் பூ எனக்கு வேண்டியிருந்தது. அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் வகுப்பில் அவளுக்கு அடிக்கடி வயிறு வலித்தது. கழுத்திலும் மாரிலும் மழைத்துளி தெறித்தமாதிரி கருப்புப் புள்ளிகள் வந்தன. தேமல் என்றார்கள். உள்ளங்கை சொரசொரவென்று தடித்தது. நான் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்து, "எங்க ஷாப்பு வீரணன் கை மாதிரி இருக்கு" என்றேன். அவள் வெடுக்கென்று கையை இழுத்துப் பின்னால் வைத்துக்கொண்டாள். வைத்தியர் காமாலை என்றார், ஆஸ்பத்திரியில் மிக்சர் கொடுத்தார்கள், கோயிலில் மந்திரித்தார்கள். அந்தக் கோடை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது அவள் வரவில்லை.

அவள் அப்பாதான் வந்தார், புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க. பெரிய வாத்தியாரைக் கும்பிட்டார். பாப்பா போய்விட்டாள் என்று சொல்லிவிட்டு, "வந்ததுதேன் வந்தேன், அந்தச் சுண்ணாம்பு ஒரு சில்லு குடுங்கய்யா. குதிர்ல வண்டு வச்சிருக்கு" என்றார். வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் போய்ப் பெயர்த்துக்கொண்டு வந்து அவர் துண்டில் போட்டேன்.

அவள் சாவுக்கு அந்தச் சுவர்தான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. அறுபது வருஷம் ஆயிற்று, எந்தக் காகிதமும் இல்லை. எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

6

டேவிட்டைப் பார்த்துவிட்டு வந்த அன்று மாடியில் ஏறிப் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். கல்யாணமாகிக் கிளம்பும்போது அம்மா அடுக்கிக் கொடுத்த பெட்டி. அடியில் கல்யாணப் பட்டு. அதன் மடிப்பில் ஒரு வெள்ளைத் துணி முடிச்சு. அம்மா சொன்னது நினைவிருக்கிறது: "பள்ளிக்கூடத்துச் சுண்ணாம்பு, அத்தாகிட்ட சொல்லாத. அன்னிய தேசத்துல பூச்சி பொட்டு எப்படியோ." ஐம்பது வருஷமாக அது அங்கேயே இருந்திருக்கிறது. பாரூக் பிறந்தபோது அவன் கம்பளிச் சட்டையை அந்தப் பெட்டியில்தான் வைத்திருந்தேன். ஸாராவின் சட்டையையும் வைத்திருந்தேன். அல்லாவே, என் கையாலேயே வைத்திருந்தேன்.

முடிச்சைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். நாற்பது நிமிஷம் வரிசை. கவுண்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். ஆபத்தான வீட்டுக் கழிவு என்றால் ஒரு படிவம் உண்டு. பெயிண்டா, பேட்டரியா, தோட்டத்து மருந்தா என்று மூன்று கட்டம்.

"மூன்றும் இல்லை. ஒரு சுவர்" என்றேன்.

"உங்கள் வீட்டுச் சுவரா?"

"எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சுவர்."

"எந்த நகராட்சி?"

"திண்டுக்கல்."

அவள் கம்ப்யூட்டரில் தேடினாள். பிறகு, எந்தத் தேதியில் இறக்குமதி செய்தீர்கள், சுங்கச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டாள். தோல்ஷாப்புச் சுண்ணாம்புக் குழியை எந்த இங்கிலீஷில் சொல்வது? முக்கால் மணி நேரம் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். கடைசியில் டப்பாவை என் பக்கமே தள்ளிவைத்து, வேறொரு அலுவலகத்தின் நம்பரை எழுதிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து பாரூக்கிடம் சொன்னால், "குப்பையில் தூக்கிப் போடும்மா, எதுக்கு இவ்வளவு நாடகம்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டான். என் ஊர், என் அத்தா, என் பொன்னுத்தாய் எல்லாம் அவனுக்கு நாடகம். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, நான் எதையும் அவனுக்குச் சொன்னதில்லை.

மறுநாள் டேவிட்டிடமே கொண்டுபோனேன். கையுறை போட்டுக்கொண்டு வாங்கி, இரண்டு பைக்குள் போட்டு ஒட்டி, பள்ளிக்கூடத்து மாதிரிகளோடு சேர்த்து அனுப்பினான். பத்து நாளில் முடிவு வந்தது. இந்தப் பள்ளிக்கூடத்துச் சுவரில் ஒன்றும் பெரிதாக இல்லை, பிள்ளைகள் தாராளமாகப் போகலாம். என் முடிச்சில் ஆர்சனிக், ஷாப்பில் 'மருந்து' என்றோமே, அந்தப் பாஷாணம். "நிறையவே இருக்கிறது. இதை யார் எங்கே பூசினார்கள்?" என்று கேட்டான். முடிவுத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

7

அன்று மத்தியானமே அன்வருக்குப் போன் போட்டேன். அங்கே சாயங்காலம். பழைய கட்டடத்தை இடித்தாகிவிட்டது என்று உற்சாகமாகச் சொன்னான்.

"இடிச்ச மண்ண என்னடா செஞ்சீக?"

"புதுக் கட்டடத்துல சின்னப் பிள்ளைக வகுப்புக்குத் தரை ரொம்பப் பள்ளம்க்கா. அதுலயே கொட்டி நெரப்பிட்டோம். வெளிய தூக்கிப் போட மனசு வரல, அத்தா குடுத்த சுண்ணாம்புல்ல. தரை போடுற வரைக்கும் அப்படியே பிள்ளைகள உக்கார வச்சுக்கலாம்னு இருக்கோம். மிச்சத்த ஊர்ச்சனம் அள்ளிட்டுப் போகுது. அத்தா கல்லையும் பேத்து எடுத்து வச்சிருக்கேன், புது வாசல்ல பதிக்கணும்."

சோதனை முடிவைச் சொன்னேன். வீரணன் சொன்னதைச் சொன்னேன். அத்தா சிரித்ததைச் சொன்னேன். பொன்னுத்தாயையும் சொன்னேன், நான் சுரண்டிக் கொடுத்ததையும் சேர்த்து.

"அக்கா, அத்தா தெரியாமச் செஞ்சுருப்பாரு. மவுத்தாப் போனவுக பேரக் கெடுக்காத."

தெரியாமலா? எங்கள் வீட்டை நான் அவனுக்கு ஞாபகப்படுத்தினேன். பள்ளிக்கூடம் கட்டின மறுவருஷம் எங்கள் வீட்டைக் கட்டினார் அத்தா. சூளையிலிருந்து புதுச் சுண்ணாம்பு வரவழைத்துப் பூசினார். அந்த வீட்டை மட்டும் கரையான் தின்றது. நிலையைத் தின்றது, அலமாரியைத் தின்றது, அம்மாவின் தொழுகைப் பாயைத் தின்றது. "ஊருக்கெல்லாம் குடுக்குறீகளே, நம்ம வீட்டுக்கு நாலு கூடை அள்ளியாரக் கூடாதா?" என்று அம்மா தினமும் கேட்பார். "நம்ம வீட்டுக்கு அது வேணாம்" என்பார் அத்தா. காரணம் சொன்னதே கிடையாது. அம்மா தெரியாமல் ஒரு சில்லை அரிசி டின்னில் போட்டுவைத்த அன்று அத்தா அதைக் கண்டுபிடித்துவிட்டார். டின் அரிசி முழுவதையும் தெருக்கோடியில் குழிவெட்டிக் கொட்டி மூடினார். அடுப்பங்கரைப் பக்கமே வராத மனிதர், டின்னைத் தானே உட்கார்ந்து மூன்று தரம் தேய்த்துக் கழுவினார். அன்வரும் நானும் நிலையைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மறுவாரமும் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கூடை போயிற்று.

"ஞாபகம் இருக்கா இல்லையா?" என்றேன்.

"அதெல்லாம் பழைய கதக்கா. இப்பத் தோண்டி எடுத்தா கமிட்டில என்ன சொல்லுவாக? தெறப்பு விழாவுக்குப் பத்திரிகையெல்லாம் அடிச்சாச்சு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கத்தியிருப்பேன். கத்தவில்லை. மெதுவாகக் கேட்டேன்: "சரி. ஒன் வீட்டு வாசல் பள்ளமா இருக்கு, மழைத்தண்ணி தேங்குது, ஒன் பேத்தி வெளயாட எடமில்லன்னு போன வாரம் சொன்னியே. அந்த மண்ணு ரெண்டு வண்டி அங்க கொட்டிக்கவேண்டியதுதான?"

போனில் ஒரு ஸ்கூட்டர் போகிற சத்தம் கேட்டது. பிறகு அன்வர் சொன்னான்:

"நம்ம வீட்டுக்கு அது வேணாம்க்கா."

குரல்கூட அப்படியே அத்தா குரல்.

போனை வைத்துவிட்டேன். மலருக்கு அவன் கேட்ட கட்டுரையாக இதையே எழுதி அனுப்பினேன். போடவில்லை, பதிலும் இல்லை. அதனால்தான் பத்திரிகையில் கொடுக்கிறேன். அத்தா பெயர் கெட்டுப்போகும் என்றான். கெடட்டும். என் பெயரும் சேர்ந்து கெடட்டும்.

திண்டுக்கல்லில் இதைப் படிக்கிறவர்களுக்கு: அந்தச் சில்லு உங்கள் வீட்டு அரிசியிலோ குதிரிலோ இருந்தால் எடுத்துவிடுங்கள். கையால் எடுக்காதீர்கள். கிணற்றுப் பக்கமும் ஆடுமாடு மேய்கிற பக்கமும் போடாதீர்கள். புதுக் கட்டடத்துக்குள் நுழைந்தால் வலது கைப் பக்கம் முதல் அறைதான் சின்னப் பிள்ளைகள் வகுப்பு. அந்த மண்ணைத் தோண்டி எடுக்கிறவரைக்கும் உங்கள் பிள்ளையை அங்கே உட்கார வைக்காதீர்கள்.